எருமைச் சாணி ஒரு பக்கெட்

மாமாவுக்கு மாராத்தாள் கும்பிட்டு எழுதுறது. முட்டிவலி தேவலைங்களா? நம்ம பேத்தி கிருபா ஒழுங்கா சாப்புடறாளா?

இங்க கோயமுத்தூருல, சாக்கடைக் கசடையும் மார்க்கெட் குப்பையையும் கலந்து கேஸ் எடுக்கிற எங்க தொட்டி போன வாரம் நின்னுபோச்சுங்க. பயப்படாதீங்க, வேலை போகலை. கல்யாண மண்டபத்துல மிஞ்சுன ரசம், மோரு வீணாகுதேன்னு மொத்தமா உள்ள ஊத்திப்போட்டேன். தொட்டி தோசைமாவாட்டம் புளிச்சு, கேஸ் வரலை. "ஏனுங்க ஆத்தா, தொட்டிக்கு விருந்து வெச்சீங்களா?"ன்னு இஞ்சினியர் ஹுமேரா சிரிக்குது. அந்த கேஸுலதான் எங்க அடுப்பும் எரியும். இப்ப டீயும் பன்னும்தான். புளிச்சதை வெளிய அள்ளி அள்ளிக் கையைத் தூக்க முடியலைங்க.

புதுச் சாணி கரைச்சு ஊத்துனா தேறிக்குமாம். இங்கயே கிடைக்கும். ஆனாலும் நம்ம எருமைச் சாணி ஒரு பக்கெட், தாராபுரம் பஸ்ஸுல நீங்களே கொண்டாங்க. உங்களையும் பார்த்தாப்புல இருக்கும்.

நான் மண்டபத்துல சமைக்கிறேன்னு ஊருல சொல்லி வெச்சிருக்கீங்களாம், கிருபா சொன்னா. போனுல கேட்டா வெச்சுப்போடுவீங்க, அதான் எழுதுறேன். பக்கெட் எதுக்குன்னு பஸ்ஸுல யாராச்சும் கேட்டா, எம் பொண்டாட்டி பார்க்கிற சாக்கடைத் தொட்டிக்குன்னு சொல்லுங்க. சாணியை மூடிக் கொண்டாங்க, என் வேலையை மூட வேண்டாங்க.

கசடு லாரி வந்துருச்சு, வாரேனுங்க.

மாராத்தாள்