காலியாக விட்டிருக்க வேண்டிய கட்டம்

இன்று காலை மாநகர் மன்றத்து ஆட்கள் எங்கள் தெருச் சாக்கடையில் கொசுவுக்கு எண்ணெய் தெளித்துவிட்டுப் போனார்கள். அந்த வாடை சன்னல் வழியே வந்ததும் காப்பியை அப்படியே வைத்துவிட்டேன். நீ போய் மூன்று மாதமாகிறது. உன் இறுதிச் சடங்கில்கூட வராத அழுகை, ஒரு சாக்கடை வாடைக்கு வந்தது. என் லட்சணம் உனக்குத் தெரியாததா?

பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் மாதம், மற்றவர்கள் எந்தக் கேன்டீனில் மீ கோரெங் நன்றாக இருக்கும் என்று அலைந்துகொண்டிருந்தார்கள். நீ பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று வருடத்துக்கும் கட்டம் போட்டுக்கொண்டு வந்து நின்றாய். முதல் வருடம் ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவுவது. இரண்டாம் வருடம், பிரிக்பீல்ட்ஸில் உங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் வாரா வாரம் கொசுப் புழு எண்ணுவது. மூன்றாம் வருடம் அதை வைத்து ஆய்வுக் கட்டுரை.

"மூணாவது வருசம் போய் நின்னா நம்மள யாருக்குத் தெரியும்? இப்பவே போயி பாட்டில் கழுவுவோம் லா" என்றாய். சுங்கை வேயில் தொழிற்சாலை ஊழியரின் மகளாக வளர்ந்த எனக்கு, ஆய்வு என்றால் என்னவென்றே தெரியாது. நீ போனாய், நானும் பின்னாலேயே வந்தேன்.

போட்ட திட்டப்படியே எல்லாம் நடந்தது. சனிக்கிழமைதோறும், ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான், நீளக் கைப்பிடி வைத்த அகப்பையால் பத்து இடத்தில் தண்ணீர் மொண்டு எண்ணினோம். நான் துண்டுச் சீட்டில் கிறுக்கித் தருவதையும் நீதான் உன் அழகான கையெழுத்தில் நோட்டில் ஏற்றுவாய். உன் அம்மா பின்கதவருகே நின்று, சாக்கடையைக் காட்டி, "ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க, லோங்காங்குல என்னம்மா தேடுறீங்க?" என்று தலையில் அடித்துக்கொள்வார்.

தைப்பூசம் சனிக்கிழமையில் வந்த வாரம் என் முறை. நீங்கள் மெதடிஸ்ட் குடும்பம், ஊரில் இருந்திருந்தால் எனக்குப் பதிலாக நீயே எண்ணியிருப்பாய். ஆனால் வீட்டோடு ரவாங்கில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். "பத்துமலைக்குப் போயிட்டு வர முடியலன்னா விட்டுடு. நோட்டுல அந்தக் கட்டத்தைக் காலியா விட்டுக்கலாம், ஒன்னும் குடி முழுகிடாது" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய்.

நான் விடவில்லை. பத்துமலைக் கூட்டத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, முந்தின வாரத்து எண்களைப் பார்த்து, கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, பத்தையும் எழுதி உன்னிடம் நீட்டினேன். முந்திய மாதமும் ஒரு முறை போகாமல் இருந்துவிட்டேன். இன்னொரு தடவை உன் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வெட்கம். அவ்வளவுதான் காரணம். நீங்கள் ரவாங் போன பிறகு, வெள்ளிக்கிழமையே அந்தச் சாக்கடையில் எண்ணெய் தெளித்திருக்கிறார்கள். அது எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. மறுவாரம் புழு குறைந்திருந்ததை நீ மழையின் வேலை என்று நினைத்தாய்.

மூன்றாம் வருடம், நம்மை மேற்பார்த்த விரிவுரையாளர் அந்த நோட்டையும் மன்றத்திலிருந்து வாங்கிய தெளிப்புத் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பட்டம் முடிந்ததும் நம் இருவரில் ஒருவரை ஆய்வு உதவியாளராக வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தவர்.

"எண்ணெய் தெளிச்ச மறுநாள் இத்தனை புழுவா? யார் எழுதினது இது?"

நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். நீ காத்திருந்தாய். பிறகு, "எழுதினது நான்தான் சார்" என்றாய். அது பொய்யில்லை, கையெழுத்து உன்னுடையதுதான். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் மெதுவாகச் சொன்னாய்: "நாளைக்கு நீயே போயி சார்கிட்ட சொல்லிடு." தலையாட்டினேன். நாளைக்கு என்றது அடுத்த வாரமானது. அதற்குள் வேலை எனக்கு என்று அறிவித்துவிட்டார்கள். அதிலிருந்து ஏறித்தான் இன்று நானும் விரிவுரையாளர். நீ ரவாங்கில் பள்ளி ஆசிரியை ஆனாய். அந்தப் பேச்சை நீ மறுபடி எடுக்கவே இல்லை. உன் கல்யாணத்தில் என்னைத்தான் பக்கத்தில் நிற்க வைத்தாய். ஒரு முறை திட்டித் தீர்த்திருந்தால் நான் பிழைத்துப் போயிருப்பேன்.

இன்று மத்தியானம் அம்பாங்கில் சார் வீட்டைத் தேடிப் போனேன். ஓய்வு பெற்று வெகு நாளாகிறது, ஆனால் பார்த்ததும் என் பெயரைச் சொல்லிவிட்டார். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொசு ஆய்வு நல்லா ஞாபகம் இருக்கும்மா. நீ தனியாத்தானே செஞ்ச? இன்னொரு பொண்ணு யாரு?"

உன் பெயரைச் சொன்னேன். நீ எங்கே உட்காருவாய், எப்படிச் சிரிப்பாய் என்றெல்லாம் சொன்னேன். மரியாதைக்குத் தலையாட்டினார். கோபப்படுவார் என்று பயந்து போயிருந்தேன். கோபப்பட அவருக்கு நீ நினைவில் இருக்க வேண்டுமே! உன் மூன்று வருடமும் அவரிடம் என் பெயரில் இருக்கிறது.

நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் வந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கோலாலம்பூரிலிருந்து ரவாங் என்ன கடல் கடந்தா இருக்கிறது? இனி, அந்த ஆய்வுக்கூடத்தில் நீ இருந்தாய் என்று சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். அன்றைக்கு வாய் திறக்காமல் நின்றவளும் நான்தான்.