பித்தளைப் பின்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஆஸ்பத்திரியில் உங்கள் வலது கைக்கட்டைப் பிரித்துவிட்டார்களா? விரல்கள் மடங்குகின்றனவா? அதைக் கேட்டு எழுதச் சொல்லி அப்பா என்னைப் பிய்த்து எடுக்கிறார். உங்கள் சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

போன வாரம் நம் லேத் பட்டறைக்கு ஒரு குடிநீர் பம்பின் ஷாஃப்ட் வந்தது. அது தயாரானால்தான் நம் தெருவுக்கும் பின்னாலிருக்கும் பிரசவ ஆஸ்பத்திரிக்கும் தண்ணீர். அண்ணி அதை லேத்தில் மாட்டிக் கடைந்துகொண்டிருந்தார். பம்ப் மெக்கானிக் பக்கத்திலேயே நின்று ஆச்சா, ஆச்சா என்று அரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல அண்ணி திரும்பினார், அவ்வளவுதான். டூலைத் தாங்கித் தானாக நகர்ந்துகொண்டிருந்த கேரேஜ் தடுப்பில் போய் முட்டியது. டக்கென்று ஒரு சத்தம். நான் பதறி எழுந்திருப்பதற்குள் அண்ணி சுவிட்சை அணைத்துவிட்டார். ஷாஃப்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கேரேஜை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ஷியர் பின் துண்டாகிவிட்டது.

மெக்கானிக் தன் பையிலிருந்து ஓர் எஃகு போல்ட்டை எடுத்து நீட்டி, இதை வெட்டி அடித்து இறக்குங்கள், இந்த ஜென்மத்துக்கு உடையாது என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அண்ணி அதைக் கையால் கூடத் தொடவில்லை.

“வேணாங்க. இது உடையறதுக்குன்னே வச்ச பின். இது உடைஞ்சதாலதான் கியர்பாக்ஸ் தப்பிச்சுது.”

லீட் ஸ்க்ரூவைக் கையால் மெல்லத் திருப்பி, துளைகள் நேருக்கு நேர் வந்ததும் சின்ன இரும்பு பஞ்ச்சை வைத்துத் தட்டி, உடைந்த துண்டுகளை வெளியே எடுத்தார். மாற்று பின் கைவசம் இல்லை. லேத்தே பழுதாகிக் கிடக்கும்போது பின்னை எதில் கடைவீர்கள் என்று கேட்டேன். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பியைப் பிடிக்கும் சக் சுற்றுகிறது, டூலைத் தள்ள எனக்குக் கை இருக்கிறது என்றார். பித்தளைக் கம்பியை மாட்டி, கையாலேயே சக்கரத்தைத் திருப்பிக் கடைந்தார். முதலில் செய்தது துளையில் லொடலொடவென்று ஆடியது. முகம் சுளிக்காமல் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்று கடைந்தார். அது விரலால் தள்ளியதும் பாதி போனது. லேசாக ஒரு தட்டு, கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்வதற்குள் ஷாஃப்டும் முடிந்து, குழாயில் தண்ணீரும் வந்துவிட்டது.

லேத்தை விலைக்குப் பார்க்க நீங்கள் அனுப்பிய ஆளும் அன்றைக்குத்தான் வந்திருந்தார், அண்ணா. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். விலையே பேசவில்லை. “ஓட்ட ஆளில்லைன்னு உங்க அண்ணன் சொன்னாரே” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். அண்ணி காதிலும் அது விழுந்தது. கை கழுவப் போனவர் ரொம்ப நேரம் குழாயடியிலேயே நின்றார்.

இதை எழுதச் சொல்லி அண்ணி கேட்கவில்லை. விற்பதும் வைத்துக்கொள்வதும் நீங்கள் இருவரும் பேசி முடிவுசெய்ய வேண்டியது. ஆனால் இந்த முறை எனக்குப் பதில் போடாதீர்கள். இடது கையால் கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, அண்ணிக்கு இரண்டு வரி எழுதுங்கள். தபால்காரர் வரும் நேரத்தில் அண்ணியின் கை வேலையில் தானாக நின்றுவிடுகிறது.

நீங்கள் நல்லபடியாகக் குணமாகி வீடு வந்து சேர வேண்டும்.

உங்கள் பிரியமுள்ள
தங்கை