மானுக்கு ஒரு குண்டு, எனக்குச் சில்லறைச் சன்னம்

வியாழக்கிழமை பின்னேரம் அந்தத் தாடிக்கார வெள்ளைக்காரர் பெற்றோல் ஸ்டேஷனுக்கு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் அங்கே வேலை செய்த நாட்களில் நீங்கள் கதைத்து அலுக்காத ஒரே வாடிக்கையாளர். நான் ஷிப்ட் மாறியபிறகு அவரைக் காணவே இல்லை. பெற்றோலுக்குக் கார்டைத் தட்டிவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு ஈயத் துண்டை எடுத்து லொட்டரிச் சீட்டுப் பெட்டிமேல் வைத்தார். முன்பக்கம் காளான் மாதிரி விரிந்து, அடிப்பக்கம் மட்டும் பழைய உருவத்தில் இருந்தது.

"உங்கள் கணவர் சொன்ன மாதிரி மென்மையான ஈயம்தான் போட்டேன். மான் நின்ற இடத்திலேயே விழுந்தது. அதற்குள்ளிருந்து எடுத்த இதை அவருக்கென்று கொண்டுவந்தேன், அதற்குள் அவர் போய்விட்டார்" என்றார்.

நான் அதைக் கையில் எடுத்தேன். யோசிக்காமலே நகத்தால் கீறினேன். கோடு விழுந்தது.

அந்தப் பழக்கத்தை எனக்குத் தொற்றவைத்தது நீங்கள்தான். கல்யாணம் கட்டின புதிதில், வன்னியில், உங்கள் இடியன் துவக்குக்குக் குண்டு வார்த்தது நான். வாய்ப்பக்கத்தால் மருந்தும் தும்பும் குண்டும் போட்டு, கம்பியால் இடித்து நிரப்புகிற துவக்கு. குசினி அடுப்பில், இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றுவேன். அந்தக் காலத்தின்மேல் எனக்கு ஏக்கம் ஒன்றும் கிடையாது. ஈயப் புகை அடித்தொண்டையில் நின்று கசக்கும், அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது. நீங்கள் பக்கத்தில் குந்திக்கொண்டு நாட்டாமை பண்ணுவீர்கள்.

"பற்றரி ஈயம் வேண்டாமப்பா. அது கல்லு, துளைச்சுக்கொண்டு மற்றப் பக்கத்தாலை போயிடும். வலையிலை கோக்கிற ஈயம்தான் சரி. உள்ளுக்கை போய் விரிஞ்சு நிக்கும். நகத்தாலை கீறிப் பாரும், கோடு விழுந்தால் எடுக்கலாம்."

ஒருநாள் பக்கத்து வளவுக்காரரும் நீங்களும் காட்டுக்குப் போனீர்கள். அவர் மான் சுடக் குண்டு போடுகிற ஆள் அல்ல. முயலுக்கும் கொக்குக்கும் போடுகிற சின்னச் சன்னத்தை, மணி மணியான ஈயத்தை, கைப்பிடியாக அள்ளிப் போடுவார். ஏதாவது ஒன்று படாதா என்ற கணக்கு. பட்டது, பிணைமான் ஒன்றில். அது விழவில்லை, ஓடிவிட்டது. அவர் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். நீங்கள் இரத்தச் சொட்டைப் பார்த்துப் பார்த்து அதன் பின்னாலேயே போய், பொழுதுபடத்தான் கண்டுபிடித்தீர்கள். அப்போதும் அதற்கு உயிர் இருந்ததாம். வந்து கிணற்றடியில் கையைக் கழுவிக் கழுவி நின்றீர்கள். சாப்பாட்டை வைத்தேன், தொடவில்லை.

"சில்லறைச் சன்னத்தாலை மான் சாகாது. சாகிறதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான்" என்றீர்கள்.

எவ்வளவு நல்ல மனிதர் என்று அன்றைக்கு நினைத்தேன். மடைச்சி.

லண்டனுக்கு, தோர்ண்டன் ஹீத்துக்கு வந்தபிறகு துவக்கு ஏது, மான் ஏது. வீட்டில் வாய் திறந்தால் வரி கட்டவேண்டும் என்பதுபோல இருப்பீர்கள். ஆனால் இந்தத் தாடிக்காரர் வந்தால் போதும். அவர் வருடா வருடம் இலையுதிர்காலத்தில் அமெரிக்காவில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் போய், இடித்து நிரப்புகிற துவக்கால் மான் வேட்டை ஆடுகிற மனிதர். ஃபோனில் படம் படமாகக் காட்டுவார்: பிளாஸ்டிக் சட்டை போட்ட குண்டு, முழுச் செப்புக் குண்டு, துணியில் சுற்றிப் போடுகிற உருண்டை, நீளமான ஈயக் குண்டு. எது தூரம் போகும், எது தோளில் உதைக்கும் என்று இரண்டு பேரும் ஆராய்வீர்கள். பின்னால் வரிசை நிற்கும், நான் தட்டில் சொக்கலேட் அடுக்கியபடி பல்லைக் கடிப்பேன். கடைசியில் உங்கள் இங்கிலிஷில் தீர்ப்புச் சொல்வீர்கள்: "ஒன் இஸ் இனஃப். பட் ஸொஃப்ட்."

போன கோடையில் உங்களுக்குச் சாப்பாடு செல்லாமல் போனது. கேட்டேன். வாய்வு என்றீர்கள். பிறகு, அல்சர் மாதிரி ஏதோ. பிறகு, "சும்மா ஒரு செக்கப்". வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்கிறார்கள் என்பது இன்னொரு நாள், அதுவும் சப்பாத்துப் போட்டுக்கொண்டே. நான் வருகிறேன் என்றால், "உமக்கு ஷிப்ட் கிடக்கெல்லோ, நான் போட்டு வாறன்." மாதக்கணக்காக இப்படித்தான், ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றும் சன்னம் மாதிரி என்னில் பட்டது, எதுவும் என்னை விழுத்தவில்லை. தைப்பொங்கல் கழிந்து வார்ட்டில் நின்ற டொக்டர், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக் கதைத்தபோதுதான் புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டேன். அந்தக் கிழமை முடிய முன்னம் நீங்கள் இல்லை.

செத்தவீட்டில் மகள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். "ஹவ் குட் யூ, அம்மா? இவ்வளவு நாளும் எனக்கு மறைச்சிருக்கிறியள்." பெண்சாதிக்கே சொல்லாத மனிதர் என்று உங்களை ஆட்கள் கதைக்கக் கூடாது என்று அந்தப் பழியை நானே வாங்கிக்கொண்டேன். அதற்குப்பிறகு அவள் பிளேஸ்டோவிலிருந்து எப்போதாவது வருவாள். கோட்டைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்று, சுகம் கேட்டுவிட்டுப் போவாள். தேத்தண்ணி கூடக் குடிக்க மாட்டாள்.

வியாழக்கிழமை அந்த மனிதர் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். "அவர் தன் நோயை எனக்குச் சொன்ன அன்றைக்கு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்."

எப்போது சொன்னார் என்று கேட்டேன்.

"நான் அமெரிக்கா போக முந்தின கிழமை. ஒரே வசனத்தில் சொன்னார். புற்றுநோய், இனிச் செய்ய ஒன்றுமில்லையாம் என்று. உங்களுக்கு எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை என்றார்."

அவருக்கு இலையுதிர்காலத்தில், ஒரே வசனத்தில். எனக்கு வாய்வு. அவருக்கு நன்றி சொல்லி அனுப்பினேன், அடுத்த ஆளுக்குச் சிகரெட் எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்துதான் உங்கள் படத்தைப் பார்த்துச் சத்தம் போட்டேன். மேல்வீட்டுப் பிள்ளை கதவைத் தட்டி, "ஆன்ரி, ஓகேயா?" என்று கேட்டது.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, மகள் வந்தாள். வழக்கம்போல வாசலில் நின்றாள். நான் அடுப்பை நிறுத்திவிட்டுச் சொன்னேன்: "உன்ரை அப்பா எனக்கும் சொல்லேல்லை. கடைக்கு வாற ஆளுக்குச் சொன்னவர், எனக்குச் சொல்லேல்லை."

அவ்வளவுதான் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு சுவரில் இருக்கும் உங்கள் படத்தைப் பார்த்தாள். உங்கள் பேர் அவளுக்குள் கீழே விழுந்ததை நான் கண்ணால் கண்டேன். தூக்கி நிறுத்த ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, "தேத்தண்ணி ஊத்துங்கோ அம்மா" என்றாள்.

அவள் போய்விட்டாள். அந்த ஈயத் துண்டு என் கைப்பைக்குள் கிடக்கிறது. எறிய மனமில்லை, உங்கள் படத்தடியில் வைக்கவும் மனமில்லை. எந்த ஈயம், எத்தனை குண்டு, எங்கே படவேண்டும் என்று ஒன்றும் தெரியாத மனிதராக நீங்கள் இருந்திருந்தால், உங்களை எப்போதோ மன்னித்திருப்பேன்.