“நல்லா போகுது சார்” என்ற என் பதிலைத் திருத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
முதுநிலைச் செவிலியர் (பணி எண் 214),
பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு, இரண்டாம் தளம்,
அரசு பொது மருத்துவமனை.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
சுகாதாரப் பணிகள் இயக்ககம்.

பொருள்: ஒப்பந்தச் செவிலியர் ஒருவரின் பணிநீக்கத்தை மறுவிசாரணை செய்யவும், முந்தைய விசாரணையில் நான் கொடுத்த பொய் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற அனுமதிக்கவும், அதற்காக என் மீது நடவடிக்கை எடுக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை:
1. தங்கள் ஆய்வு வருகை, சென்ற மாதம் 9ஆம் தேதி, புதன்கிழமை.
2. மருத்துவமனைக் கண்காணிப்பாளரின் விசாரணை அறிக்கை, அதே மாதம் 16ஆம் தேதி.
3. கண்காணிப்பாளர் எனக்கு வழங்கிய பாராட்டுக் கடிதம், அதே தேதி.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மருத்துவமனையில் பத்தொன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். தாங்கள் என்னை ஒருமுறை பார்த்திருக்கிறீர்கள். ஆய்வுக்கு வந்த அன்று முகப்பில் நின்ற செவிலியர் வரிசையிலிருந்து முன்வந்து தங்களுக்குப் பூங்கொத்து கொடுத்தவள் நான்தான். அதை உதவியாளர் கையில் கொடுத்துவிட்டு, “வார்டுல எல்லாம் நல்லா போகுதாம்மா?” என்று கேட்டீர்கள். “நல்லா போகுது சார்” என்றேன். அப்போது மணி பதினொன்று நாற்பது. நான் சொன்னது உண்மையல்ல. நடந்ததைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

2. எங்கள் வார்டில் முப்பத்தெட்டுக் கட்டில்கள். அன்று நோயாளிகள் நாற்பத்தாறு பேர். மிச்சம் எட்டுப் பேர் வழக்கம்போலத் தரையில் பாயில் இருந்தார்கள். தங்கள் கண்ணில் படக்கூடாது என்பதற்காக அந்த எட்டுப் பேரையும் காலை ஏழரை மணிக்கே, தையல் பிரியாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வைத்து, பின்பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். மாற்றியவர்களில் நானும் ஒருத்தி.

3. காலைப் பணியில் மூன்று செவிலியர்கள். நான், எனக்கு அடுத்த நிலையில் ஒருவர், பிறகு பதினொரு மாத அனுபவமுள்ள ஒப்பந்தச் செவிலியர். அவரை நோயாளிகள் உட்பட அனைவரும் சின்ன சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். முதல் இருவரும் ஒன்பது மணிக்கு முகப்பில் நிற்க வேண்டும், சுருக்கமில்லாத சீருடையும் சிரித்த முகமும் அவசியம் என்று சுற்றறிக்கை வந்தது. முதல் நாளே ஒத்திகையும் நடந்தது. தங்கள் வேடத்தில் நடந்தவர் மருந்துக் கிடங்குக் காப்பாளர். பூங்கொத்துக்குப் பதில் ஒரு ஃபைலை வைத்துக்கொண்டு மூன்று முறை அவரை வரவேற்றேன். மூன்றாவது முறை எங்களைப் பார்த்துக் கை அசைக்கும் அளவுக்கு அவருக்கே பழகிவிட்டது. அன்று அனைவரும் சிரித்தோம்.

4. ஆகவே 9ஆம் தேதி ஒன்பது மணி முதல், இரண்டு இடங்களில் பிரிந்து கிடந்த நாற்பத்தாறு நோயாளிகளுக்கும் சின்ன சிஸ்டர் ஒருவரே. ஒன்பதரைக்குத் தாங்கள் வருவதாக ஏற்பாடு. வந்தது பதினொன்று முப்பத்தைந்துக்கு. வழியில் என்ன தடையோ எனக்குத் தெரியாது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அத்தனை நேரமும், வார்டுக்கு இருவராக மூன்று வார்டுகளிலிருந்து வந்த நாங்கள் ஆறு பேர் வரிசை கலையாமல் நின்றோம் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

5. பதினேழாம் எண் கட்டிலில் இருந்தவர் ஒரு தையல்காரர். வயது நாற்பத்தொன்று. முதல் நாள் கர்ப்பப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை முடிந்திருந்தது. நல்ல வாய்த்துடுக்கு உள்ளவர். அறுவைக்குப் போகும்போதுகூட என் சீருடைக் கையைப் பிடித்துப் பார்த்து, “எந்தக் கடங்காரன் தச்சான் சிஸ்டர் இத, தோள்ல சுருக்கு விழுதே” என்றவர். காலை எட்டு மணிக்கு நான் பார்த்தபோது நாடித்துடிப்பு 88. சரியாக இருந்தார்.

6. அதன்பின் நடந்தவை சின்ன சிஸ்டரின் கையெழுத்தில் நோயாளியின் கண்காணிப்புத் தாளில் உள்ளன. 9.50க்குத் துடிப்பு 104. 10.30க்கு 118, நோயாளி தாகம் என்கிறார், முகம் வெளுத்திருக்கிறது. 10.32, பணி மருத்துவர் அறைக்குத் தொலைபேசி, எடுக்கவில்லை. 10.50, மறுபடியும் எடுக்கவில்லை. 11.05க்குத் துடிப்பு 132, இரத்த அழுத்தம் 80, வயிறு இறுகி வீங்கியிருக்கிறது. கட்டிலின் கால்பக்கம் உயர்த்தப்பட்டது, இரண்டாவது கையிலும் சலைன் ஏற்றப்பட்டது. 11.10, மூன்றாவது அழைப்பு. உள்ளே இரத்தம் கசிகிறது என்பதை அந்தப் பெண் கண்டுபிடித்துவிட்டார் ஐயா. பதினொரு மாத அனுபவத்தில் அதைக் கண்டுபிடிப்பது சிறிய காரியமல்ல. கேட்கத்தான் ஆளில்லை. மருத்துவர்கள் அனைவரும் கூட்ட அரங்கில், தங்களுக்குக் காட்டவேண்டிய படங்கள் திரையில் சரியாக விழுகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தாள் விசாரணைக் கோப்பில் வைக்கப்படவில்லை. வார்டுக் கோப்பில் இருந்ததை நகலெடுத்து இணைத்துள்ளேன்.

7. இந்தப் பத்தியை எழுதுவதற்குத்தான் எனக்கு இத்தனை நாள் ஆயிற்று. பதினொன்றரை மணிக்குச் சின்ன சிஸ்டர் எங்கள் வார்டு ஆயாவைக் கீழே அனுப்பினார். முகப்பின் கண்ணாடிக் கதவருகே அலுவலக மேலாளர் அவரை மறித்தார். “வண்டி கேட்டுக்குள்ள வந்துடுச்சு. இப்ப குறுக்க வராத. எதுவானாலும் அப்புறம் பேசிக்கலாம்” என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஆயா விவரமானவர். வாதாடவில்லை. மேலாளரின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். விரலால் மேலே காட்டினார். பிறகு உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கினார். பத்தொன்பது வருடச் செவிலியருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மேலே யாரோ சரிந்துகொண்டிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

நான் வரிசையை விட்டு நகரவில்லை. கையில் பூங்கொத்து இருந்தது. கார் திரும்பிக்கொண்டிருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். ஐந்து நிமிடம்தானே, கொடுத்துவிட்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன். அந்த ஐந்து நிமிடம் இருபதாயிற்று.

8. நான் மேலே போனபோது சின்ன சிஸ்டர் கட்டில் மேல் முழங்காலிட்டு நோயாளியின் மார்பை அழுத்திக்கொண்டிருந்தார். தாழ்வாரத்துக்கு மாற்றப்பட்ட நோயாளிகளில் ஒருவர், தன் வயிற்றுத் தையலோடு எழுந்து வந்து, சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். மருத்துவர் வந்து 11.58க்கு மரணத்தை உறுதி செய்தார். பதினொன்றரைக்கே நான் ஓடியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. நான் ஓடாததால் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

9. ஆறு நாட்கள் கழித்து விசாரணை. வருகைப் பதிவேட்டின்படி வார்டில் மூன்று செவிலியர்கள் இருந்தார்கள். அதற்குப் பொருத்தமாக, நான் வார்டின் மறுகோடியில் வேறொரு நோயாளியைக் கவனித்துக்கொண்டிருந்ததாகவும், சின்ன சிஸ்டர் என்னிடம் எதுவும் தெரிவிக்கவில்லை என்றும் தட்டச்சு செய்த வாக்குமூலத்தைத் தலைமைச் செவிலியர் என் முன் வைத்தார். “கையெழுத்துப் போட்டா ஒருத்தி வீட்டுக்குப் போவா. போடலன்னா மூணு பேரும் போவீங்க. அவ சின்னப் பொண்ணு, எங்கயாவது பொழச்சுக்குவா” என்றார். கையெழுத்திட்டேன். என் வீட்டு நிலைமையை இங்கே காரணமாகச் சொல்ல விரும்பவில்லை. சின்ன சிஸ்டர் வீட்டிலும் நிலைமைகள் இருந்தன.

10. மறுநாளே அறிக்கை வந்தது. “அருகில் மூத்த செவிலியர்கள் இருந்தும் உரிய நேரத்தில் தகவல் தெரிவிக்கத் தவறியமையால்” சின்ன சிஸ்டர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அவருடைய செவிலியர் பதிவையும் ரத்து செய்யுமாறு செவிலியர் மன்றத்துக்குப் பரிந்துரை போயிருக்கிறது. அதே நாளில், அதே தட்டச்சு எந்திரத்தில், முக்கிய விருந்தினரைச் சிறப்பாக வரவேற்றமைக்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அசலை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

11. இறந்தவரின் கணவரிடம் நர்ஸின் அலட்சியம் என்றுதான் சொல்லப்பட்டது. அவர் ஒருநாள் வெளிவாசலில் சின்ன சிஸ்டரை நிறுத்தி, “அவ தண்ணி தண்ணின்னு கேட்டாளாம், நீ ஒரு வாய் குடுக்கலயாமே” என்று கேட்டார். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. கேட்டார், அவ்வளவுதான். அந்த நிலையில் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்பதை விளக்கச் சின்ன சிஸ்டருக்கு வாய் வரவில்லை. நான் நான்கடி தள்ளி நின்றிருந்தேன். எனக்கும் வரவில்லை.

12. இவ்வளவுக்குப் பிறகும் நான் சும்மாதான் இருந்திருப்பேன். போன வாரம் சின்ன சிஸ்டர் தன் சான்றிதழ்களை வாங்க வந்தார். என்னைக் காறித் துப்புவார் என்று எதிர்பார்த்து, செவிலியர் அறையில் கதவை ஒருக்களித்து உட்கார்ந்திருந்தேன். அவர் உள்ளே வந்து எதிரில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: “அக்கா, நீங்க அந்தக் கடைசியிலதான் இருந்தீங்களாமே. ரிப்போர்ட்ல படிச்சேன். எனக்கு ஞாபகமே இல்லக்கா. பதட்டத்துல நான்தான் திரும்பிப் பாக்காம விட்டுட்டேனா? ஒரு குரல் குடுத்திருந்தா நீங்க வந்திருப்பீங்கல்ல?”

அந்தப் பெண் என்னைக் குற்றம் சாட்டவில்லை ஐயா. என் பொய்யை நம்பிவிட்டார். நாற்பத்தாறு பேருக்கு நடுவில் தனியாக ஓடிய தன் கண்ணையும் காதையும், ஆயாவைக் கீழே அனுப்பிய தன் நினைவையும் விட, மூத்தவள் ஒருத்தியின் கையெழுத்து பெரிதாகிவிட்டது அவருக்கு. நான் “விடும்மா” என்றேன். அன்றும் உண்மையைச் சொல்லவில்லை. அவர் போன பிறகு எழுதத் தொடங்கியதுதான் இது.

13. நான் வார்டில் இல்லை என்பதற்குத் தாங்களே சாட்சி. தாங்கள் என் கையிலிருந்து பூங்கொத்தை வாங்கும் புகைப்படம் கண்காணிப்பாளர் அறையில் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. அதில் என்னையும் என் சக செவிலியரையும் தெளிவாகப் பார்க்கலாம். பதிவேடு உண்மையென்றால் படம் பொய். படம் உண்மையென்றால் அறிக்கை பொய்.

14. கடைசியாக ஒன்று. இம்மாதம் 22ஆம் தேதி தாங்கள் மீண்டும் வருவதாக நேற்று சுற்றறிக்கை வந்திருக்கிறது. மறுபடியும் வார்டுக்கு இருவர், மறுபடியும் ஒத்திகை. கையெழுத்திட வேண்டிய இடத்தில், “வார்டில் பணி இருப்பதால் வர இயலாது” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். விளக்கம் கேட்டு இன்று காலையே குறிப்பாணை வந்துவிட்டது. எங்கள் அலுவலகம் இவ்வளவு வேகமாக இயங்கி நான் பார்த்ததில்லை.

எனவே நான் வேண்டுவன:

அ. சின்ன சிஸ்டரின் பணிநீக்கத்தை ரத்து செய்து, வெளியாரைக் கொண்டு மறுவிசாரணை நடத்த வேண்டும். செவிலியர் மன்றத்தில் அவர் வழக்கு 28ஆம் தேதி வருகிறது. அதற்குள் இந்த மனுவின் நகல் மன்றத்தைச் சேர வேண்டும்.

ஆ. இறந்தவரின் கணவருக்கு அன்று வார்டில் எத்தனை செவிலியர் இருந்தார்கள், மற்றவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அனுமதி கிடைத்தால் நானே நேரில் போய்ச் சொல்கிறேன். கிடைக்காவிட்டாலும் போவேன்.

இ. பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காகவும், அழைப்பு வந்தும் நோயாளியிடம் போகாததற்காகவும் என் மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். இரண்டாவதைத் தயவுசெய்து முதலாவதோடு சேர்த்துவிட வேண்டாம். தனியாக எழுதவும்.

ஈ. எந்த அதிகாரி வருகைக்காகவும் வார்டிலிருந்து செவிலியரை வெளியே எடுக்கக்கூடாது என்று ஆணையிட வேண்டும்.

விசாரணைக்குத் தாங்களே வருவதானால், முன்கூட்டித் தெரிவிக்காமல் வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முகப்பில் யாரும் இருக்க மாட்டார்கள். உள்ளே நுழைந்ததும் இடப்பக்கப் படிக்கட்டில் ஏறினால் இரண்டாம் தளத்தில் முதல் கதவு எங்கள் வார்டு. தரையில் படுத்திருப்பவர்களை மிதித்துவிடாமல் பார்த்து வரவும். நான் கையில் வேலையாக இருந்தால், முடியும்வரை தாங்கள் சற்றுக் காத்திருக்க நேரிடலாம்.

இடம்: செவிலியர் அறை, பெண்கள் அறுவைச் சிகிச்சை வார்டு
நாள்: நடப்பு மாதம் 12, செவ்வாய்க்கிழமை

தங்கள் கீழ்ப் பணிபுரியும்,
(கையொப்பம்)
முதுநிலைச் செவிலியர், பணி எண் 214

இணைப்பு:
1. பதினேழாம் கட்டில் நோயாளியின் கண்காணிப்புத் தாள், நகல்.
2. பாராட்டுக் கடிதம், அசல்.

நகல்: செவிலியர் மன்றப் பதிவாளர், மருத்துவமனைக் கண்காணிப்பாளர், சின்ன சிஸ்டர், அவரது வீட்டு முகவரிக்கு, பதிவு அஞ்சலில்.