எட்டு முறை வெடிக்காத கைத்துப்பாக்கியை வேறொருவர் பெயருக்கு மாற்றாதிருக்க மனு

அனுப்புநர்:
அ. நைனா முகம்மது,
ஜவுளி வியாபாரி (கடை: சிதம்பரம்),
சவுக்குத் தோப்பு வீடு, கிள்ளை.

பெறுநர்:
கனம் கலெக்டர் அவர்கள்,
தென்னாற்காடு ஜில்லா, கடலூர்.

பொருள்: என் ரிவால்வரை மேல்பட்டாம்பாக்கம் லோகநாயகி அம்மாள் பெயருக்கு மாற்ற நானே கையெழுத்திட்ட விண்ணப்பத்தை ரத்து செய்ய வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீடு ஊரைவிட்டு ஒதுங்கியிருப்பதால், முறைப்படி லைசென்சு பெற்று, சென்ற பிப்ரவரியில் கடலூர் வியாபாரி ஒருவரிடம் பழைய வெளிநாட்டு ரிவால்வர் ஒன்று வாங்கினேன். நல்ல கம்பெனிச் சரக்கின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான். கடையின் பின்புறம் மணல் மூட்டையில் இரண்டு குண்டு சுட்டுக் காட்டினார், இரண்டும் வெடித்தன. துணியைத் தடவியே நூலின் தரம் சொல்கிற நான், நிக்கல் பூச்சின் பளபளப்பில் ஏமாந்தேன். கஞ்சி போட்டு விறைத்த துணி முதல் சலவையில் காட்டிக் கொடுத்துவிடும். இது காட்டிக் கொடுக்க ஐந்து மாதம் ஆயிற்று.

2. ஜூலை 9 காலை வெறிநாய் ஒன்று எங்கள் வாசலுக்குள் வந்துவிட்டது. பத்தடி தூரத்தில் நின்று மூன்று முறை விசையை இழுத்தேன். மூன்று முறையும் 'டிக்' என்றதே தவிர வெடிக்கவில்லை. நாய் என்னைத் தாண்டிப் போய் என் மனைவி மெகருன்னிசாவின் காலைக் கவ்வியது. தோப்பு வேலையாள் அம்பலம் மண்வெட்டியால் அதை அடித்துக் கொன்றார். என் மனைவிக்கு வயிற்றைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்டார்கள். அல்லாஹ்வின் கருணையால் பிழைத்தாள்.

3. பிறகு அந்த மூன்றோடு ஒன்பது புதுத் தோட்டாக்களும் சேர்த்துச் சுட்டுப் பார்த்தேன். ஏழு வெடித்தன, ஐந்து வெடிக்கவில்லை. வெடிக்காதவற்றின் அடியில், துப்பாக்கியின் சுத்தி ஓங்கி அடிக்காததால், நகம் பட்டது போல் லேசான குழிதான் விழுந்திருந்தது. கடல் காற்றில் தோட்டா நமுத்திருக்கும் என்றார் வியாபாரி. அந்த ஐந்தையும் அவர் கடையிலிருந்த வேறொரு ரிவால்வரில் போடச் சொன்னேன். ஐந்தும் வெடித்தன. அதைப் பார்த்ததும் அவர், வேறு ஆள் பார்த்துத் தள்ளிவிடலாம் என்றார். சனியன் தொலைந்தால் போதுமென்று விண்ணப்பத்தில் கையெழுத்திட்டேன். நான் செய்த தவறு அது.

4. வாங்குபவர் கரும்புத் தோட்டத்தில் தனியாக வசிக்கும் விதவை என்பது பின்னால்தான் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிடுவோமே என்று வியாபாரியிடம் கேட்டேன். "பொம்பளதானே பாய், சுடவா போறாங்க? பீரோவுல வெச்சிப் பூட்டிக்குவாங்க" என்றார். நானே மேல்பட்டாம்பாக்கம் போய் அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், பெயர் மாற்றத்துக்காகப் போலீஸ் நிலையத்தில் கொடுத்த பரிசோதனைச் சான்றின் நகலை எடுத்துக் காட்டினார். துப்பாக்கி எண்ணை மட்டும் சரிபார்த்து, ஒரு குண்டுகூடச் சுடாமல், 'நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிக் கொடுத்த சான்று அது. விலையை ஏற்றத்தான் இப்படிச் சொல்கிறேனா என்று என்னையே கேட்டார். இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்றேன். அதையும் நம்பவில்லை.

5. ஆகவே தாங்கள் அந்த விண்ணப்பத்தை உடனே நிறுத்தி, ரிவால்வரை ஆயுதப் பிரிவினரிடம் கொடுத்து, குறைந்தது இருபது தோட்டா சுட்டுப் பார்க்க உத்தரவிடக் கோருகிறேன். தோட்டாச் செலவு என்னுடையது. துப்பாக்கி எனக்குத் திரும்ப வேண்டாம்.

6. ஐயா, அன்று என் மனைவி ஓடியிருக்கலாம். வீட்டுக் கதவு அவள் பக்கத்திலேயே திறந்திருந்தது. என் கையில் துப்பாக்கி இருந்ததால்தான் ஓடாமல் என் பின்னால் வந்து நின்றாள். லோகநாயகி அம்மாளுக்கு அப்படி ஒரு வேளை வந்தால் அவரும் இதை நம்பி ஓடாமல் நிற்பார். அதற்கு என் கையெழுத்து காரணமாக இருக்க வேண்டாம்.

கிள்ளை,
22.8.1966

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்
அ. நைனா முகம்மது