கடைசி ஆள் வரும் வரை

பிப்ரவரி 3, சனி

இன்றும் நான்தான் கடைசி. ஏரிப் பூங்காவில் சனிக்கிழமை காலை நடக்கும் பொது ஓட்டத்தில் இந்த இடத்துக்கு எனக்குப் போட்டியே கிடையாது. பட்டா போட்டுக் கொடுத்தாற்போல உட்கார்ந்திருக்கிறேன்.

ஐந்து கிலோமீட்டர், ஏரியை இரண்டு சுற்று. நான் முதல் சுற்றை முடிக்கும்போது கெட்டிக்காரர்கள் இரண்டையும் முடித்துவிட்டு வாழைப்பழத் தோலைக் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை. எனக்குத் தாங்க முடியாதது கைதட்டல்தான். முதலில் வருபவனுக்குத் தட்டுவது ஒரு மாதிரி. கொஞ்சம் பொறாமை கலந்து, அளவாகத் தட்டுவார்கள். கடைசியில் வருபவனுக்குத் தட்டுவது வேறு. கசப்பு மருந்தைத் துப்பாமல் விழுங்கிய குழந்தைக்குத் தட்டுவது. சத்தமும் அதற்குத்தான் அதிகம். இன்று ஒரு பெரியவர் எனக்கு விசிலே அடித்தார். என்னைவிட மூத்தவர். எனக்கு முன்னால் வந்து, வேர்வை காய்ந்து, ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு நின்று விசில் அடிக்கிறார்!

எனக்குப் பின்னால் ஒரே ஒருவர் வருவார், மருந்துக்கடை அக்கா. அவரைக் கணக்கில் சேர்க்க முடியாது. மஞ்சள் மேல்சட்டை போட்டுக்கொண்டு கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வருவதுதான் அவருடைய பொறுப்பு. யாராவது விழுந்து கிடக்கிறார்களா, வழி தப்பினார்களா என்று பார்க்க வேண்டும். நான் ஓடுகிறேன், அவர் நடக்கிறார், எங்கள் இடைவெளி மட்டும் மாறுவதில்லை. போதாததற்கு, என்னைத் தாண்டிவிடக் கூடாதென்று நடையையும் குறைத்துக்கொள்கிறார். அது எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

பிப்ரவரி 6

"எதுக்குங்க உங்களுக்கு இந்தக் கூத்து?" என்று மனைவி மறுபடி கேட்டாள்.

எதற்கு என்று அவளுக்குத் தெரியும். என் வாயால் கேட்க ஆசை. லிஃப்ட் பழுது பார்ப்பவனுக்கு ஒரு சாபம் உண்டு. லிஃப்ட் ஓடாத கட்டடத்துக்குத்தான் அவனைக் கூப்பிடுவார்கள். ஆக, ஊரையெல்லாம் மேலே ஏற்றுகிறவன் தான் மட்டும் படியேற வேண்டும். போன வருஷம் ஒரு உயரமான கட்டடத்தில் ஒரு அம்மா நடுவில் மாட்டிக்கொண்டார். மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்கு ஏறிப் போனேன். போனதும் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. தரையில் மல்லாந்துவிட்டேன். கீழே இருந்து அந்த அம்மா, "ஆள் வந்தாச்சா?" என்று கேட்கிறார். "வந்தாச்சு" என்று சொல்ல மூச்சில்லை. காவலாளிதான் எனக்காகப் பதில் சொன்னார்: "வந்துட்டாரும்மா. ஆனா இவரைத் தூக்க இன்னொரு ஆள் வரணும் போலிருக்கு."

அந்த வாரமே ஷூ வாங்கினேன்.

பிப்ரவரி 10, சனி

கடைசி. கூடவே தூறல்.

பிப்ரவரி 13

ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கார்கள் நிற்கும் இடத்தில் வேலை முடிந்ததும் கொஞ்சம் ஓடிப் பழகினேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். காவலாளி டார்ச்சோடு ஓடி வந்தார். "என்ன சார், யாரு துரத்துறாங்க?" என்றார். யாரும் இல்லை என்றேன். பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்புறம் எதுக்கு?" என்றார். நியாயமான கேள்வி.

பிப்ரவரி 15

மகள் குண்டைத் தூக்கிப் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டே சாவகாசமாகப் போட்டாள்.

"அப்பா, வர்ற சனிக்கிழமை எங்க ஆபிஸ்ல இருந்து நாலஞ்சு பேர் வர்றோம், உங்க ஓட்டத்துக்கு. எங்கப்பா ஒரு வாரம்கூட விடாம ஓடுறாருன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"சனிக்கிழமை எனக்கு வேலை இருக்கேம்மா."

"என்ன வேலை?"

"லிஃப்ட்தான்."

"எந்த லிஃப்ட்?"

எனக்குப் பொய் சொல்ல வரும். இரண்டாவது கேள்விக்குத்தான் வராது. மனைவி தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அந்த லிஃப்ட் உங்கப்பா வாயிலதான் இருக்குடி. பாதியில நின்னுடுச்சு பாரு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஓடுகிறார் என்று சொல்லியிருக்கிறாள். எப்படி ஓடுகிறார் என்று சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கே தெரியாது. இதுவரை நேரில் பார்த்ததில்லை. "எப்படிப்பா போச்சு?" என்று கேட்பாள், "நல்லா போச்சு" என்பேன். அது முழுப் பொய்யும் இல்லை. எனக்கு முன்னால் எல்லாரும் நன்றாகத்தானே போகிறார்கள்.

இந்த வயதில் பெற்ற பெண்ணிடம் பயப்படுகிறேனா? இல்லை. அவளுடைய முகம் அந்த ஆபிஸ்காரர்கள் முன்னால் சின்னதாகிவிடுமே என்றுதான். அப்படித்தான் எழுதிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 17, சனி, காலை

வீட்டுக்கு வந்துவிட்டேன். தனியாக. மனைவி சலவைக்கூடத்தில் வேலைக்குப் போயிருக்கிறாள், மதியம்தான் வருவாள்.

மகளும் அவள் கூட்டமும் முதல் சுற்றிலேயே கண்ணுக்கு மறைந்தார்கள். பிறகு பின்னாலிருந்து வந்து, ஒரு முழுச் சுற்று முந்தி என்னைத் தாண்டினார்கள். "அப்பா, அப்படித்தான்! விடாதீங்க!" என்று அவள் கத்தினாள். பக்கத்தில் ஓடிய ஒரு நெட்டையன், "அதுவா உங்கப்பா?" என்றான். 'அது.' கடையில் நாற்காலியைக் காட்டிக் கேட்பது போல. அவள் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. எல்லாரும் சிரித்தது மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு கால் எழவில்லை. எல்லைக்கோட்டில் அந்தக் கூட்டம் வரிசையாக நின்று எனக்கு மருந்துக் கைதட்டல் தட்டுவதை நினைத்துப் பார்த்தேன். நெட்டையனும் தட்டுவான்.

வழியில் ஒரு கழிப்பறை இருக்கிறது. "அக்கா, ஒரு நிமிஷம்" என்று உள்ளே போனேன். அவர் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்தக் கழிப்பறைக்குச் சாலைப் பக்கமும் ஒரு கதவு உண்டு. அதன் வழியே வெளியே வந்து, வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். என் போன் மகளின் பையில் இருக்கிறது. ஓடும்போது குதிக்கும் என்று அவளிடம் கொடுத்திருந்தேன். அதுவும் நல்லதுதான். அவள் வந்து கேட்டால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.

குளித்தாயிற்று. கண்ணைச் சுழற்றுகிறது. கொஞ்சம் படுக்கிறேன்.

அதே நாள், மாலை

எங்கே ஆரம்பிப்பது. எழுதவே கை கூசுகிறது.

கடைசி ஆள் வரும் வரை அந்த ஓட்டத்தை மூட மாட்டார்களாம். அதுதான் அவர்களுடைய கட்டுப்பாடு. எனக்குத் தெரியாமல் இல்லை. தெரியும். அந்தக் கடைசி ஆள் நான்தான் என்பது மட்டும் அந்தக் கதவுக்கிட்ட உறைக்கலை. மடையன்!

அக்கா வெளியே நின்றுகொண்டே இருந்திருக்கிறார். குரல் கொடுத்திருக்கிறார். பிறகு ஒரு ஆளைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பியிருக்கிறார். உள்ளே யாரும் இல்லை. மயங்கி எங்காவது விழுந்துவிட்டானோ என்று புதர் புதராகத் தேடியிருக்கிறார்கள். ஓடி முடித்தவர்கள் எல்லாரும் மறுபடி ஏரியைச் சுற்றியிருக்கிறார்கள், என் பெயரைக் கத்திக்கொண்டு. ஏரியில் படகு விடும் படகுக்காரர், என்னைத் தேடப் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டாராம். தண்ணீரில்!

கடைசியில் மகள் அம்மாவுக்குப் போன் போட்டிருக்கிறாள். மனைவி அப்போதுதான் வேலை முடிந்து கதவைத் திறந்துகொண்டிருந்தாள். "உங்கப்பாவா? இதோ, கட்டில்ல குறட்டை விட்டுட்டிருக்காரு."

மகள் வந்தாள். முட்டிவரை சேறு. கத்துவாள் என்று எழுந்து நின்றேன். கத்தவில்லை. என் போனை மேஜைமேல் வைத்தாள்.

"வயிறு சரியில்லைம்மா…"

"அப்பா, வேணாம்."

நானே ஆரம்பித்தேன், "என்னால உனக்கு அவங்க முன்னாடி வெக்கமா இருக்கும்னுதான்…"

"இருந்துச்சு. நீங்க கடைசியா ஓடினப்ப இல்ல. கண்ணு கலங்க நின்னுட்டிருந்த அந்தக் கூட்டத்துக்கிட்ட போய், 'எங்கப்பா வீட்ல தூங்குறாரு'ன்னு சொன்னேன் பாருங்க, அப்ப இருந்துச்சு."

உள்ளே போனவள் திரும்பி வந்தாள். "'அதுவா உங்கப்பா'ன்னு அவன் கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன்னு நினைச்சீங்க? 'ஆமா, அவருதான். ரெண்டு வாழைப்பழம் எடுத்து வைங்க, வந்ததும் பசி தாங்க மாட்டாரு'ன்னு சொன்னேன். அதுக்குத்தான் சிரிச்சாங்க."

மறுபடி உள்ளே போனபோது கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தாலாவது தேவலாம்.

பிப்ரவரி 18

பேசவில்லை.

பிப்ரவரி 19

மகள் இன்றும் பேசவில்லை. மனைவி நடுவில் நின்று தபால்காரி வேலை பார்க்கிறாள். "உங்கப்பாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேளுடி." "வேணும்னா எடுத்துக்கச் சொல்லுங்கம்மா."

எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 21

மருந்துக்கடைக்குப் போனேன். வாசலில் மூன்று பேர் நின்றார்கள், அவர்கள் போகட்டும் என்று சாலையின் எதிர்ப்பக்கம் நின்றேன். அக்கா பார்த்துவிட்டார்.

"வாங்க தம்பி. முன்வாசல் வழியாவே வரலாம்."

தேவைதான் எனக்கு. "மன்னிச்சுக்கங்கக்கா" என்றேன்.

"நான் வெளியில நின்னுகிட்டு, பாவம் வயித்துக்குச் சேரலை போலிருக்கு, என்ன மாத்திரை கொடுக்கலாம்னு யோசிச்சுட்டிருக்கேன். நீங்க பஸ்ல டிக்கெட் வாங்கிட்டிருக்கீங்க." சிரிக்காமல் சொன்னார். "அன்னிக்கு என் பேத்தி பள்ளிக்கூடத்துல பாடுறா. போய்ச் சேர்றதுக்குள்ள பாட்டு முடிஞ்சுபோச்சு."

அது எனக்குத் தெரியாது. சுருக்கென்று தைத்தது. நான் என் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவருக்கும் போக ஒரு இடம் இருக்கும் என்று தோன்றவே இல்லை.

"இனிமே வரலைக்கா. உங்களுக்கு நான் பாரம்."

"வராம இருக்கணும்னா இருங்க, அது உங்க இஷ்டம். வந்தா, போறப்ப ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அவ்வளவுதான் கேக்குறேன்." பிறகு காலில் மாட்டிக்கொள்ளும் ஒரு பட்டையை எடுத்து நீட்டினார். "இது முட்டிக்கு. சும்மா இல்ல, காசு கொடுத்துட்டுப் போங்க."

பிப்ரவரி 24, சனி

போனேன். வயிற்றைக் கலக்கியது, இந்த முறை நிஜமாகவே. கழிப்பறையின் சாலைப்பக்கக் கதவில் புதுப் பூட்டு. எனக்காகவே போட்டதாம், விசில் பெரியவர் பெருமையாகச் சொன்னார்.

தொடங்குவதற்கு முன்னால் எல்லாரும் நிற்கும்போது கையைத் தூக்கினேன். "போன வாரம் காணாமப் போனது நான்தான். உங்களையெல்லாம் அலைக்கழிச்சதுக்கு மன்னிக்கணும்." படகுக்காரர்தான் முதலில், "நீச்சல் தெரியுமாய்யா உனக்கு?" என்றார். தெரியாது என்றேன். "அப்ப ஏரிப்பக்கம் சாயாம ஓடு" என்றார்.

கடைசி. மகள் வரவில்லை. எல்லைக்கோட்டில் நின்று போன் செய்தேன்.

"முடிச்சிட்டேம்மா."

"சரி."

மார்ச் 2, சனி

"முடிச்சிட்டேம்மா."

"சரிப்பா."

போன வாரத்தைவிட ஒரு 'ப்பா' கூட.

மார்ச் 6

மகள் என் ஷூவைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடி தேய்ஞ்சிருச்சுப்பா. வேற வாங்குங்க" என்றாள். "இவ்வளவு மெதுவா ஓடியே தேய்ஞ்சிருச்சா?" என்று கேட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கத்தான்.

மார்ச் 9, சனி

சொன்னேன். "சரிப்பா, உங்களுக்கு மூச்சு வாங்குது, அப்புறம் பேசுங்க" என்றாள்.

மார்ச் 16, சனி

இன்று ஓடி முடித்த பிறகு, புதிதாக வந்த கணவன் மனைவி இருவரிடம் படகுக்காரர் அந்தக் கதையை ஆரம்பித்தார். "இதோ நிக்கிறாரே, இவரைத்தான் நான் தண்ணிக்குள்ள துடுப்பை விட்டுத் துழாவினேன்" என்று துடுப்புப் போட்டுக் காட்டினார். சரியாகத்தான் சொன்னார், ஆனால் பஸ் வருகிற இடத்தில் சுவை பற்றவில்லை. கதையை நானே வாங்கிக்கொண்டேன். கழிப்பறை, பின்கதவு, நடத்துநரிடம் முகத்தை மறைத்தது, கடைசியில் கட்டில். புல்லில் படுத்தே காட்டினேன். குறட்டை சத்தத்துக்கு மருந்துக்கடை அக்கா மஞ்சள் சட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். விசில் பெரியவர், "குறட்டையை மட்டும் இன்னொரு தடவை விடுங்க" என்றார். விட்டேன்.

எழுந்து பார்க்கும்போது போனில் மகளின் அழைப்புகள், ஐந்தோ ஆறோ. முடித்ததைச் சொல்ல மறந்தே போயிருக்கிறேன். உடனே கூப்பிட்டேன்.

"எங்கப்பா இருக்கீங்க? மறுபடியும் போயிட்டீங்களா?"

"இங்கதாம்மா. பூங்காவுலதான். பேசிட்டிருந்தேன்."

"யார்கூட?"

"எல்லார்கூடயும்."

"எத்தனாவதா வந்தீங்க?" என்றாள்.

யோசித்தேன். எனக்குப் பின்னால் யாராவது வந்தார்களா? அந்தக் கணவன் மனைவி எனக்கு முன்னாலா, பின்னாலா? நினைவில்லை. "பார்க்கலைம்மா" என்றேன்.

"அடுத்த வாரம் நானும் வர்றேன். உங்களைத் தனியா விட முடியாது."

வா என்றேன். உன் ஆபிஸ் ஆட்களையும் கூட்டிக்கொண்டு வா, அந்த நெட்டையனையும்தான் என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. சொன்னது சொன்னதுதான்.