புளி போட்டுத் தேய்த்த லேத்

அக்னீஸ்வரர் துணை

திருக்காட்டுப்பள்ளி
ஐப்பசி 5

பூவிழி அப்பாவுக்கு பிரகதீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது.

ஆயுத பூஜையன்று வீட்டில் இருந்தவர்கள் நான், பூவிழி, சாமி கும்பிட வந்திருந்த உங்கள் தங்கை கலைமகள், மூன்று பேர்தான். வெளியாள் யாரும் வரவில்லை. யார் மேலும் நீங்கள் சந்தேகப்படக் கூடாது என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். சம்பா நடவு முடிந்து முதல் உரம் போட்டாயிற்று. முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள், ஆனாலும் நம் வாய்க்காலுக்கு வந்துவிடுகிறது. மாத வரவு செலவைத் தனித்தாளில் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன்.

விஷயம் உங்கள் லேத்தை, அந்தக் கடைசல் மெஷினைப் பற்றியது. பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, தையல் மெஷின் எல்லாம் கழுவி வைத்தோம். உங்கள் மெஷின் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு, நீலச்சாயம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு கிடந்தது. சாமி முன்னால் அப்படி வைக்க மனசு வரவில்லை. குத்துவிளக்குத் தேய்க்கும் பழைய புளியையும் செங்கல் பொடியையும் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். கலைமகள், "அண்ணன் ஊருக்கு வந்தா உங்களவிட இதத்தானே அண்ணி அதிகமா பாக்குது, நல்லா குளிப்பாட்டி விடுங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்துக்கொண்டே நாலு செம்பு தண்ணீர் ஊற்றினேன். வெள்ளிப் பாத்திரம் போல ஆகிவிட்டது. சந்தனம் குங்குமம் வைத்தேன்.

பூவிழி பாலிடெக்னிக்கில் நடந்த பூஜைக்குப் போய்விட்டு வந்து பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "அம்மா, அடியில தண்டவாளம் மாதிரி இருக்கே, அந்தப் பெட்ட அப்பா மூணு லீவா நீலச்சாயம் தடவி மேடு பாத்துச் சுரண்டிச் சமம் பண்ணி வச்சிருக்காரு. ஓடுற பாகத்துக்கு அடியில புளித்தண்ணி நிக்கும். இப்பவே கழட்டித் தொடச்சிடுறேன்" என்றாள். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடியாமல் தொடக் கூடாது என்று நான்தான் தடுத்தேன். "சாமிக்குத் துரு பிடிக்காது, இரும்புக்குப் பிடிக்கும்மா" என்றாள். வாய்க்கொழுப்பு என்று திட்டினேன்.

மறுநாள் விஜயதசமி. உங்கள் பேரைச் சொல்லி, வேலை தொடங்கி வைப்போம் என்று நானே அந்த ஓடும் பாகத்தை நகர்த்தும் கைப்பிடியைச் சுற்றினேன். நகரவில்லை. பலம் கொடுத்துச் சுற்றினேன். கரகரவென்று நகர்ந்தது. கழற்றிப் பார்த்தால் அடியில் செம்மண் போலத் துரு. செங்கல் பொடி உள்ளே போய்ப் பெட் முழுக்க நீளமாகக் கீறியிருக்கிறது. பூவிழி ஒரு கம்பியைக் கடைந்து பார்த்தாள். ஒரு முனை பருத்து, மறுமுனை மெலிந்து வருகிறது. நீங்கள் பிளாஸ்டிக் பல்சக்கரத்தை எடுத்துவிட்டு எஃகில் போட்டீர்கள், மோட்டாரை மாற்றினீர்கள், ஆட்டம் இல்லாமல் இருக்க அடியில் கருங்கல் ஜல்லி நிரப்பினீர்கள். அதெல்லாம் அப்படியே இருக்கிறது. நான் கை வைத்த இடம்தான் போய்விட்டது.

மெஷினைக் கெடுத்தது ஒரு தப்பு. அதைவிடப் பெரியதை இனிமேல்தான் எழுத வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை போனில், "மெஷின் இப்ப மயிரிழை பிசகாம ஓடுது ஈசு, பம்புசெட்டுக்கும் நடவு மெஷினுக்கும் அச்சுல மாட்டுற புஷ் கடைஞ்சு குடுத்தே பொழச்சுக்கலாம், அந்தத் தைரியத்துலதான் வேலைய விடுறேன்னு எழுதிக் குடுக்கப் போறேன்" என்றீர்கள். நான், "சரிங்க" என்றேன். பக்கத்தில் நின்ற பூவிழி என்னையே பார்த்தாள். அவள் சொல்ல வாயெடுத்தபோது கண்ணாலேயே அடக்கிவிட்டேன். நான் அவளுக்குப் பொய் பழக்கிய முதல் நாள் அது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். தெரிந்தால் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள் என்ற பயம். வந்த பிறகு தெரிந்தால் கோபப்படுவீர்கள், ஒரு நாள் சாப்பிடாமல் இருப்பீர்கள். ஆனால் இங்கே இருப்பீர்களே என்று கணக்குப் போட்டேன். அன்று முதல் கோயிலில் விளக்குப் போட்டால்கூட மனசு நிற்கவில்லை.

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் லீவு முடிந்து நாளை அங்கே விமானம் ஏறும், உங்களோடு வேலை பார்க்கும் மூஸா அண்ணன் கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். கம்பெனிக்கு நீங்கள் எழுதிக் கொடுப்பதற்குள் வந்துவிடும் என்றார்.

திரும்பவும் சுரண்டிச் சரிபண்ணலாம், ஆனால் மாசக்கணக்கில் ஆகும், அப்பா கைதான் வேண்டும் என்கிறாள் பூவிழி. இது தெரிந்த பிறகு நீங்கள் எந்த முடிவு எடுத்தாலும் எனக்குச் சம்மதம். சம்மதம் என்று எழுதிவிட்டேன், ஆனால் வர வேண்டாம் என்று எழுத என்னால் முடியவில்லை.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதீர்கள். உங்கள் கண்ணையும் கையையும் அந்த ஈஸ்வரன்தான் காப்பாற்ற வேண்டும்.

திட்டியாவது இரண்டு வரி, சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
பிரகதீஸ்வரி